இறந்தோர் வீடு திரும்பும் நாள்

மெக்சிக்கோ மக்களின் ஆண்டு திருநாட்களால் நிறைந்தது. செப்டெம்பர் 15ஆந் திகதி இரவு, 1810இல் மிகுவேல் இடால்கோ என்னுங் குருவானவர் விடுதலைக்கு விடுத்த அறைகூவலை நினைந்து மணி ஒலிப்பர். டிசெம்பர் 12 குவாதலூப்பே அன்னையின் பெருவிழா. ஆயினும், அந்நாட்டாரின் உள்ளத்தை நன்கு புலப்படுத்துவது நவம்பர் 1, 2ஆந் திகதிகளில் வரும் இறந்தோர் நாளேயாம்.

அது அழுதற்குரிய நாளன்று, விருந்தோம்பும் நாள். வீட்டினுள்ளே பீடம் அமைத்து, இறந்தவரின் படத்தை வைத்து, அவர் விரும்பியுண்ட உணவைப் படைப்பர். நெடுவழி வந்தவரின் தாகந் தீர நீரும் வைப்பர். இனிப்புப் பாணும், சீனியாற் செய்த மண்டையோடும் உண்டு. மண்டையோட்டைத் தின்பதா என நேயர்கள் திகைக்க வேண்டா. சிறுவர் அதனை மகிழ்ந்தே உண்பர். செம்மஞ்சட் செவ்வந்தியின் இதழ்களை வாயிலிலிருந்து பீடம்வரை தூவுவர். அதன் மணத்தால் ஆவிகள் வழியறியும் என்பது நம்பிக்கை. முதல்நாள் மரித்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியோர்க்கு. பிள்ளையை இழந்த தாய், ஆண்டில் ஒருநாளேனும் அதற்கு உணவு படைக்கின்றாள்.

இவ்வழக்கத்தை 2008இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தலைநகரில் 2016இல் தொடங்கிய பேரூர்வலமோ பழமையானதன்று. 2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமொன்றின் கற்பனைக் காட்சியிலிருந்து பிறந்தது! அதனைக் காண்போர் இலட்சக்கணக்கினர். பாட்ஸ்குவாரோ ஏரியிலுள்ள ஹனீட்சியோ தீவுக்கும் அவ்விரவு பயணிகள் படகு படகாக வந்திறங்குகின்றனர். அவர்களுக்கிடையே, தீவுக் குடும்பத்தார் தத்தம் கல்லறையருகே மெழுகுதிரி ஏற்றி, விடியும்வரை அமர்ந்திருக்கின்றனர்.