நமது ஆலயத்துப் பெண்களை நாம் அறிவோமா?

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஒரே ஆலயத்தின் மாதர் சங்கத்தில் அங்கம் வகிக்கும் ஒன்பது பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)





நூற்றாண்டு விழாவில் பேச அழைத்தபோது, கல்லூரியின் பெருமைகளைச் சொல்லலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். அவற்றைச் சொல்ல எங்களிலும் வல்லவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் ஆலயத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறோம். அதில் எங்களுக்குப் பெருமை எதுவும் இல்லை. ஆனாலும் இந்தச் சபையில் சொல்ல வேண்டியது அதுதான் என்று ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டோம்.

எங்கள் ஆலயத்தில் கடைசி வாங்கில், வாசற்கதவுக்குப் பக்கத்தில், ஓர் அம்மா இருப்பார். 2010 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து தன் மாமியாரின் ஊருக்கு, அதாவது எங்கள் பகுதிக்கு, வந்து சேர்ந்தவர். அவரை நாங்கள் ‘கிளிநொச்சி அக்கா’ என்போம். ஆராதனை முடிந்ததும் நடக்கும் மாதர் சங்கக் கூட்டத்துக்கும் வருவார். தேநீர் வருமுன் எழுந்து போய்விடுவார். கூச்ச சுபாவம் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். இப்படி எட்டு வருடங்கள் போயின.

2018 இல் சங்கத்தின் ஆண்டறிக்கைக்காக அங்கத்தவர் பெயர்களை முழுமையாக எழுத வேண்டியிருந்தது. எங்கள் செயலாளர் வரவுப் பதிவேட்டைத் திறந்தார். எட்டு வருடமாக அதில் ‘கிளிநொச்சி அக்கா’ என்றே எழுதப்பட்டிருந்தது. அவருடைய பெயர் என்ன என்று செயலாளர் கேட்டார். ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் ஆலயத்துக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது. அதையும் நாங்கள் கவனித்திருக்கவில்லை.

அடுத்த நாள் எங்களில் இருவர் விசாரித்து விசாரித்து அவருடைய வீட்டுக்குப் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டும். தகரப் படலையைத் திறந்தவர் எங்களைக் கண்டு திகைத்துப் போனார். பிறகு பனங்கட்டியுடன் பிளேன்ரீ தந்தார். மாமியார் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், விட்டுவிட்டு வர முடியவில்லை என்றார். தேநீருக்கு முன் எழுந்து போவதன் காரணத்தையும் அன்றுதான் அறிந்தோம். பதினொன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்குத்தான். கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விடயம்.

இன்னொரு காரியத்தையும் அவர் சொன்னார். அவருடைய மூத்த மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவன். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள் அல்லவா? அங்கே மகனின் படத்தோடு போயிருந்த தாய்மாரில் இவரும் ஒருவர். நாங்கள் அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்தோம். மாதர் சங்கத்தில் ‘அந்தத் தாய்மாருக்காக’ மன்றாடவும் செய்தோம். அந்தத் தாய்மாரில் ஒருவர் எங்களுக்குப் பின் வாங்கில் இருந்தே ‘ஆமென்’ சொல்லியிருக்கிறார்.

“ஏன் அக்கா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?” என்று கேட்டோம். அவர் கோபப்படாமல் சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்.

“நீங்கள் எல்லாரும் நல்ல ஆக்கள்தான் தங்கச்சி. ஆனா எப்ப பாத்தாலும் ‘நாங்கள் படிக்கேக்கை’, ‘எங்கட கொலிஜ்’ எண்டுதான் கதைப்பியள். நான் அதுக்குள்ள எங்க வாறது?”

அன்புச் சகோதரிகளே, தமிழில் ‘நாங்கள்’ என்ற சொல்லும் உண்டு, ‘நாம்’ என்ற சொல்லும் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. கீழ் வகுப்பில் நமது தமிழ் ஆசிரியை கற்பித்த பாடம்தான் இது. ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்த ஒருவர் அதை எங்களுக்குத் திரும்பக் கற்பித்தார்.

யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, மழையில், நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தவர்கள் நாங்களும்தான். தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒரு வீட்டு விறாந்தையில் எங்களில் மூன்று குடும்பங்கள் கிடந்தோம். அந்த வீட்டுக்காரி எங்களிடம் முதலில் கேட்டது, “சாப்பிட்டனீங்களோ பிள்ளையள்?” என்பதுதான். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவில்லை. நாங்களோ ஆலயத்துக்கு வரும் புதியவரிடம் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான். அந்தக் கேள்விகள் எதற்குக் கேட்கப்படுகின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பதில் வந்ததும் ஆளை எந்த வாங்கில் இருத்துவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறோம். சாதியைப் பற்றி நாம் ஆலயத்தில் பேசுவதில்லை. பேசாமலே அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பெயர்ப்பட்டியல்தானே என்று நாம் தாண்டிப் போகும் அதிகாரம் அது. பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் என்று பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். யார் எவ்வளவு பாடுபட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பெண்களுக்கு மட்டும் அங்கே பெயர் இல்லை. ஒருவர் ரூபின் தாய். மற்றவர் நேரேயின் சகோதரி. ஆனால் ரூபின் தாய் தமக்கும் தாய் என்று பவுல் எழுதுகிறார். அந்தத் தாயின் வீட்டில் அவர் சாப்பிட்டிருப்பார் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். நமது ஆலயங்களிலோ ‘மாஸ்ரரின் மனைவி’, ‘டொக்டரின் தாய்’, ‘கிளிநொச்சி அக்கா’ என்பதோடு நின்றுவிடுகிறோம்.

நம் முன்னோடிகள் அப்படி நிற்கவில்லை. 1824 இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1840 இல் அங்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது வருடங்கள் அதனை நடத்தினார். 1883 இல் இங்கேயே மரித்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பிப் போகவில்லை. தாம் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளைகளையும் படிப்பித்தவர் அவர். ‘ஆயிரம் புத்திரிகளின் தாய்’ என்று அவரை அழைத்தார்கள். அவருக்குத் துணையாகவும் அவருக்குப் பின்னரும் வீடு வீடாகப் போனவர்கள் நம் நாட்டு வேதாகமப் பெண்கள். படலைக்குள் போய், திண்ணையில் இருந்து, பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் நம் மலர்களில் இல்லை. ஆனாலும் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப நம் பூட்டிமார் துணிந்ததில் அவர்களுடைய கால்நடைக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் கூட்ட நேரத்தை மாற்றினோம். இப்போது மாதர் சங்கம் ஆராதனைக்கு முன் கூடுகிறது. பஸ்ஸில் வருபவர்கள் தேநீர் குடித்துவிட்டே போகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டில் கூடுகிறோம். வசதியான வீடுகளில் மட்டும் அல்ல. இரண்டிரண்டு பேராக வீடுகளைச் சந்திக்கிறோம். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் நம் கல்லூரியில் படிக்காதவராக இருக்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் போட்டோம். கூட்டத்தில் யாராவது கல்லூரிக் கதை எடுத்தால் இருபது ரூபா குற்றப்பணம். முதல் மாதத்தில் உண்டியல் நிரம்பிவிட்டது! எங்கள் பொருளாளரே அதிகம் கட்டியவர். அவர் இந்தச் சபையில்தான் இருக்கிறார், இன்று அவருக்கு விடுமுறை.

பிழைகளும் விட்டோம். ஒரு வீட்டுக்கு முதல் முறை போனபோதே அரிசியும் சீனியும் பொதி கட்டிக்கொண்டு போனோம். அந்தச் சகோதரி நன்றி சொல்லி வாங்கினார். அதன்பின் எங்களைக் கண்டால் தலை குனிந்தார். கொடுப்பவர்களாகப் போனவர்களோடு அவர் எப்படிச் சமமாக இருந்து கதைப்பார்? இப்போது முதல் முறை வெறுங்கையோடு போகிறோம். அவர்கள் தருவதைச் சாப்பிடுகிறோம். உதவி தேவையென்றால் அதற்குப் பிறகு காலம் இருக்கிறது.

இன்னொரு வீட்டில், காணாமற்போன பிள்ளையைப் பற்றி வந்தவுடனேயே கேட்டுவிட்டோம். அடுத்த முறை படலை திறக்கவில்லை. அதற்கு எங்களையே நோக வேண்டும். மனுஷர் தாமாகச் சொல்லும்வரை கேளாதிருப்பதும் அன்புதான்.

மூன்றாவது பிழைதான் பெரியது. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த ஞாயிறு ‘ஜெப விண்ணப்பம்’ என்று எல்லோர் முன்னும் சொன்னோம். மத்தியானத்துக்குள் அது ஊர்க்கதை ஆகிவிட்டது. அந்தச் சகோதரியிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்தார். ஆனால் இன்றுவரை எங்களிடம் எதுவும் சொல்வதில்லை. அவருடைய அனுமதி இல்லாமல் ஜெபத்தில்கூட ஒருவரின் கதையைச் சொல்வதில்லை என்று அன்று தீர்மானித்தோம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் எங்கள் சகோதரிகளே, உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறோம். புதிய தேசத்துத் தமிழ்ச் சபையில் முதல் நாள் கதவோரம் இருந்தவர்கள் நீங்கள். அன்று யார் உங்கள் பக்கத்தில் வந்து இருந்தார் என்பது உங்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். இன்று உங்கள் சபையில் கதவோரம் இருப்பவர் யார்?

ஒவ்வொரு மார்ச் மாதமும் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப தினத்தை அனுசரிக்கிறோம். ஏதோ ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய ஆராதனை முறையை உலகெங்கும் வாசிக்கிறோம். அவர்களுடைய ஆறுகளின் பெயர்களையும் உணவுகளின் பெயர்களையும் அன்று அறிந்துகொள்கிறோம். நல்ல காரியம். அதே அக்கறையை நம் பின் வாங்குக்கும் கொடுப்போம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நம் சங்கத்துக்கு நூறு வயதாகிவிட்டது. ஒரே கல்லூரியில் படித்தவர்கள் நூறு வருடம் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பது சிறு காரியம் அல்ல. இந்தப் பாசம் எங்களுக்கு வேண்டும். கதவைச் சாத்தாத பாசமாக அது இருக்கட்டும்.

அந்த அக்காவின் பெயர் இப்போது எங்களுக்குத் தெரியும். இந்த உரையில் சொல்லலாமா என்று கேட்டோம். “மலரில எல்லாம் வேண்டாம் தங்கச்சி, நீங்கள் கூப்பிட்டாக் காணும்” என்றார். கூப்பிடுகிறோம். மாமியார் சென்ற வருடம் காலமானார். மகனைப் பற்றிய செய்தி இன்னும் வரவில்லை. அக்கா இப்போதும் கதவோர வாங்கிலேயே இருக்கிறார், காற்று நன்றாக வருகிறதாம். எங்களில் இருவர் அவர் பக்கத்தில் போய் இருக்கிறோம்.

 நம் கல்லூரியையும், நாம் போய்ச் சேர்ந்திருக்கும் சபைகளையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.