மொசார்ட் ஊரில் பேராயரே ராஜா

மொசார்ட் எந்த நாட்டுக்காரர்னு கேட்டா, டக்குனு ஆஸ்திரியான்னு சொல்லிடுவோம். ஆனா 1756-ல் அவர் பிறந்தப்போ, சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இல்லை. புனித ரோமப் பேரரசுக்குள்ள அது ஒரு தனி ஆட்சிப்பகுதி. ராஜா யாருன்னா, கத்தோலிக்கப் பேராயர். பூசை வைக்கிறவரும் அவர்தான், வரி வாங்குறவரும் அவர்தான். படை, நீதிமன்றம், உப்புச் சுரங்கம் எல்லாம் அவர் கையில். கொலோன், மைன்ஸ், ட்ரியர்னு இன்னும் பல ஆட்சிப்பகுதிகளிலும் இதே கதைதான்.

குருவும் ராஜாவும் ஒரே ஆளா இருந்தா என்ன ஆகும்? 1731-ஐப் பாருங்க.

சால்ஸ்பர்க் மலைப்பகுதி விவசாயிகள், சுரங்கத் தொழிலாளர்கள் பலர் தலைமுறை தலைமுறையா ரகசியமா லூதர் வழியைப் பின்பற்றினாங்க. வெளியில கத்தோலிக்கர், வீட்டுக்குள்ள ஜெர்மன் பைபிள். பேராயர் ஃபிர்மியான் கெடுபிடியைக் கூட்டினதும், ஆயிரக்கணக்கானவங்க 'நாங்க புரோட்டஸ்டன்ட்'னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க.

இதுக்கு ஏற்கெனவே சட்டம் இருந்தது. 1648-ம் வருஷ வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைப்படி, ஆட்சியாளரோட மதத்தை ஏத்துக்காதவங்களை வெளியேறச் சொல்லலாம். ஆனா சொத்தை வித்துட்டுப் போக மூணு வருஷம் அவகாசம் தரணும். ஃபிர்மியான் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சார். 'இவங்க மதம் மாறினவங்க இல்லை, அரசுக்கு எதிரான கலகக்காரங்க. அதனால மூணு வருஷம் கிடையாது.' நிலம் இல்லாதவங்களுக்கு அவர் கொடுத்தது எட்டு நாள். அதுவும் குளிர்காலம் தொடங்குற நேரம்.

சுமார் 20,000 பேர் வெளியேறினாங்க. பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் பெரும்பாலானவங்களைக் கூப்பிட்டு, கொள்ளைநோயில் ஆள் குறைஞ்சிருந்த கிழக்கு பிரஷ்யாவில் குடியேத்தினார். கருணையும் உண்டு, கணக்கும் உண்டு. சிலர் கடல் தாண்டி அமெரிக்காவின் ஜார்ஜியா வரைக்கும் போனாங்க.

எங்க வேலையில ஒரு நடைமுறை உண்டு: கோட் எழுதினவரே அதுக்கு அப்ரூவலும் கொடுக்கக் கூடாது. சால்ஸ்பர்க்ல அந்த இரண்டாவது ஆளே இல்லை. 'இது பாவம்'னு சொல்றவரும், 'இது குற்றம்'னு சொல்றவரும் ஒருத்தரே. ஃபிர்மியான் கெட்டவரா நல்லவராங்கிறது அடுத்த விஷயம். ஒரு விவசாயி எந்தப் புத்தகத்தைப் படிக்கிறாருங்கிறது தேசத்துரோகமா மாற, அங்கே ஒரே ஒரு கையெழுத்து போதும்.

1803-ல், நெப்போலியன் காலக் குழப்பத்தில், பேராயர் ஆட்சி முடிவுக்கு வந்தது. பேராயர் பதவி இன்னைக்கும் சால்ஸ்பர்க்ல இருக்கு. ஆனா யாரையும் ஊரை விட்டு அனுப்புற அதிகாரம் அதுகிட்ட இல்லை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.