இயந்திரம் இடும் புள்ளி

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள் ஒரு காலத்தில் அமெரிக்காவிலே சிகரெட்டுப் பெட்டிகளுடனும் சூயிங்கத்துடனும் சேர்ந்து வந்தவை. சிறுவர் சேர்த்து விளையாடிய அவ்வட்டைகள் இன்று பெருஞ்செல்வமாக மதிக்கப்படுகின்றன. பேஸ்போல் வீரர் மிக்கி மான்டிலின் படம் பொறித்த 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022ஆம் ஆண்டில் 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதே அட்டையின் மூலை மழுங்கிய பிரதிக்கோ அவ்விலையில் மிகச் சிறு பங்கே கிட்டும்.

இவ்வேற்றுமையை வகுப்பது யாது? தரம் காணும் நிறுவனங்கள் ஒன்று முதல் பத்து வரை இடும் புள்ளியே. படம் நடுவில் அமைந்துள்ளதா, மூலைகள் கூராக உள்ளனவா, ஓரங்கள் சிதையாதிருக்கின்றனவா, மேற்பரப்பிற் கீறல் உண்டா என்னும் நான்கையும் அனுபவம் மிக்க பரிசோதகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஆராய்வர். ஆயினும் மனிதக் கண் களைப்புறுவது. காலையில் ஒன்பது இட்ட கை மாலையில் எட்டு இடுதல் கூடும். 2021ஆம் ஆண்டில், பீ.எஸ்.ஏ. என்னும் நிறுவனம், வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க இயலாது, புதியவற்றை ஏற்பதைப் பெரும்பாலும் நிறுத்திவைக்க நேர்ந்தது. அதே ஆண்டில் அதன் தாய் நிறுவனம், அட்டைகளின் படத்தைக் கணினியால் ஆராயும் ஜெனமின்ட் என்னும் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

செயற்கை நுண்ணறிவு களைப்பறியாதது. நுட்பமான படத்திலிருந்து நாற்புற விளிம்புகளையும் அது அளக்கிறது. பல கோணங்களில் ஒளி பாய்ச்சி எடுத்த படங்களிற் கீறலைக் காண்கிறது. முன்னர் வந்த அட்டை உருமாற்றப்பட்டு மீண்டும் வரின் அடையாளங் காணவும் உதவுகிறது.

எனினும் அதற்குக் கற்பிப்பவன் மனிதனே. ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் புகழ்பெற்ற சிகரெட்டு அட்டை ஒன்றிற்கு 1991ஆம் ஆண்டில் எட்டுப் புள்ளி வழங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அது 28 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீர்செய்ததாக, ஏலத் தொழிலிற் பெயர்பெற்ற பில் மாஸ்ட்ரோ 2013ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய ஓரம் நேர்த்தியானது. வெட்டிய மூலை கூரானது. குற்றமே குணமாகத் தோன்றிப் புள்ளி பெற்றுவிட்டது.

பழைய புள்ளிகளை மட்டுமே பாடமாகக் கொண்டு பயிலும் இயந்திரம் இத்தகைய பிழையையும் உடன் கற்றுக்கொள்ளும். கற்றதைக் களைப்பின்றி ஆயிரம் முறை செய்யும். ஆதலால், எட்டு என்று சொல்வது மாத்திரம் போதாது. எந்த மூலையில், எந்த ஓரத்தில், என்ன குறை கண்டு இரண்டு புள்ளி குறைத்தது என்பதையும் அது காட்டுதல் வேண்டும். காரணம் காட்டினால் அதனை மறுத்துரைக்கவும், திருத்தவும் வழியுண்டு. காரணம் காட்டாத புள்ளியை மனிதன் இட்டாலென்ன, இயந்திரம் இட்டாலென்ன, அதை நம்பிச் சேமிப்பைக் கொடுப்பவனுக்குப் பாதுகாப்பில்லை.