கம்பளம் இழுக்கும் கருவிகள்

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் பட்டணத்துக்குப் போய், ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் சுவருக்குச் சுவர் கம்பளம் போடும் வேலையில் சேருகிறார்கள். வெயில் இல்லை, மழை இல்லை, நல்ல வேலைதானே என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த வேலையில் எந்தக் கருவியைப் பிடிக்கிறான் என்பதைப் பொறுத்தே பிள்ளையின் முழங்கால் இருக்கிறது.

அறையின் சுவரோரமாக, ஆணிமுனைகள் மேலே நீட்டியிருக்கும் மரப்பட்டைகளைத் தரையில் அடிப்பார்கள். நடுவில் நுரை மெத்தை விரித்து, அதன்மேல் கம்பளத்தைப் போட்டு, இழுத்து, அந்த முனைகளில் மாட்டுவார்கள். இழுப்பு போதாவிட்டால் நாளடைவில் கம்பளம் அலை அலையாக எழும்பி, நடப்பவர் காலைத் தடுக்கும். பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்காவது இழுபட வேண்டும். 20 அடி அறைக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம்.

இழுக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று நீ கிக்கர். ஒரு முழ நீளம் இருக்கும்; முன்னால் பற்கள், பின்னால் சிறு மெத்தை. பற்களைக் கம்பளத்தில் பதித்து, மெத்தையைக் காலால் உதைக்க வேண்டும். விலை குறைவு, கையோடு எடுத்துப் போகலாம். அதனால்தான் குத்தகைக்காரர் பலருக்கு அதன்மேல் பிரியம்.

பிரியத்துக்கு விலை கொடுப்பது முழங்கால். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிலையம் 1990இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஓர் உதையின் அதிர்ச்சி உடல் எடையைப்போல் நான்கு மடங்கு வரை முழங்காலில் இறங்குகிறதாம். அப்போது அந்நாட்டுத் தொழிலாளரில் பத்தாயிரத்துக்கு ஆறு பேர்கூடக் கம்பளம் போடுகிறவர்களாக இருக்கவில்லை. முழங்கால் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டவர்களிலோ நூற்றுக்கு ஆறு பேர் அவர்கள்!

மற்றது பவர் ஸ்ட்ரெச்சர். குழாய்களை நீட்டி, ஒரு முனையை எதிர்ச் சுவரில் முட்டுக்கொடுத்து, நெம்புகோலைக் கையால் அழுத்தினால் போதும். சுவர் பெயராமல் இருக்க அங்கே ஒரு பலகைத் துண்டு வைப்பது நல்லது. பெரிய அறைக்கு வேண்டிய இழுப்பை இதுதான் தரும். மூலைகளுக்கும் படிக்கட்டுக்கும் மட்டும் கிக்கரை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் முழங்கால் சில்லில் படாமல், அதற்கு மேலே தொடையால் தள்ள வேண்டும். முட்டிக்குக் கட்டும் பட்டை மண்டியிடும்போது உதவும். உதையின் அதிர்ச்சியை அது தாங்காது.

பற்களின் ஆழத்தைத் திருகி வைக்கலாம். இது நமக்குத் தெரிந்த கணக்குதான். ரப்பர் மரம் சீவும் கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இல்லை. பற்கள் கம்பளத்தின் அடித்துணியைப் பிடிக்க வேண்டும். கீழே இருக்கும் நுரை மெத்தையைக் கிழிக்கக் கூடாது.

பிள்ளை தீபாவளிக்கு வரும்போது, முதலாளி ஸ்ட்ரெச்சர் கொடுக்கிறாரா, சொக்சோ கட்டுகிறாரா என்று கேளுங்கள். முழங்கால் வீங்கியிருந்தால் தைலம் தேய்த்து அனுப்பிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வேலையில் வந்த வலி என்று அவரிடம் சொல்லிச் சீட்டு வாங்கி வையுங்கள். சொக்சோவில் மனுச் செய்யும்போது அது வேண்டியிருக்கும்.