மக்கள் தொகைப் பெருக்கம்: யார் போடும் கணக்கு?

(மாணவர்கள், களப்பணியாளர்கள் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பஸ்ஸில், டீக்கடையில், காலேஜில் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "ஜனத்தொகை பெருத்துப் போச்சு. அதான் சோறு பத்தல, தண்ணி பத்தல, ஆஸ்பத்திரியில படுக்க இடம் இல்ல." இதைச் சொல்கிறவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அடுக்குமாடி வீட்டைப் பார்த்துச் சொல்வதில்லை. சேரியைப் பார்த்து, குப்பத்தைப் பார்த்துச் சொல்கிறார். 'அதுங்க பெத்துப் போட்டுக்கிட்டே இருக்குதுங்க' என்பதுதான் உள்ளே இருக்கிற வாக்கியம்.

இந்தப் பேச்சுக்கு வயது இருநூறுக்கு மேல். 1798இல் மால்தஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் எழுதினார்: உணவு பெருகுவதைவிட மக்கள் வேகமாகப் பெருகுகிறார்கள், ஏழைக்கு உதவி செய்தால் இன்னும் பெருகுவான் என்று. பட்டினிக்குக் காரணம் பட்டினி கிடக்கிறவனே என்றாகிவிட்டது. ஆள்கிறவர்களுக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்குமா?

சரி, கணக்கைப் பார்ப்போம். 1951இல் இந்திய மக்கள் தொகை 36 கோடி. உணவு தானிய விளைச்சல் ஏறக்குறைய 5 கோடி டன். 2023இல் மக்கள் 142 கோடியைத் தாண்டி சீனாவை முந்திவிட்டோம். 2022-23இல் விளைச்சல் 32 கோடி டன்னுக்கு மேல். மக்கள் நாலு மடங்கு, தானியம் ஆறு மடங்கு. அப்புறம் ஏன் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்காங்க? பெண்களில் பாதிக்கு மேல் ஏன் இரத்தசோகை?

1943 வங்கப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்தார்கள். அந்த ஆண்டில் கிடைத்த அரிசி, பஞ்சமே இல்லாத 1941ஐவிடக் குறைவில்லை என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் காட்டினார். விலை ஏறியது, கூலி ஏறவில்லை. நிலமில்லாத விவசாயக் கூலிகளும் மீனவர்களும் செத்தார்கள். சோறு இருந்தது; வாங்கும் சக்தி இல்லை. இன்றைக்கும் அதே கேள்விதான். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் தலித்துகள் நூற்றுக்குப் 16 பேருக்கு மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் நூற்றுக்கு 9கூட இல்லை.

மக்கள் பெருகினால் சுமை கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். ஒரு குழாயில் நூறு குடம் வரிசை நின்றால் சண்டையும் வரும், வயிற்றுப்போக்கும் வரும். ஆனால் அந்தச் சுமை யார் தலையில் இறங்குது? சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கொட்டப்பட்டது. போட் கிளப்பில் கொட்டப்படவில்லை. ஊர் பெருக்கப் பெருக்க மலமும் பெருகுது. அதை அள்ளும் சாதி மட்டும் மாறல. 2013இல் தடைச் சட்டம் வந்த பிறகும் சாக்கடைக் குழிச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. உலக அளவிலும் இதே கதைதான். சராசரி அமெரிக்கர் ஓர் ஆண்டில் வெளியிடும் கரியமில வாயு 14 டன் போல. சராசரி இந்தியருக்கு 2 டன் போல. அந்த 2 டன்னிலும் ஏசி கார்க்காரரையும் குடிசைக்காரியையும் சேர்த்துத்தான் வகுக்கிறார்கள்.

குறை ஏழை மேல் என்றானபின் கத்தியும் ஏழை மேல்தான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன். பெரும்பாலும் ஆண்கள். ஆட்சி கவிழ்ந்தது. பிறகு 'குடும்ப நலம்' என்று பெயரை மாற்றி, கத்தியைப் பெண்கள் பக்கம் திருப்பினார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே, மூடிக் கிடந்த ஒரு கட்டடத்தில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன். அந்த வட்டாரத்தில் அப்போது நடந்த முகாம்களில் 13 பெண்கள் செத்துப் போனார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். 2016இல்தான் உச்சநீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் இந்த முகாம்களை நிறுத்து என்றது.

அப்படியானால் கருத்தடையே வேண்டாமா? வேண்டும் தோழர்களே. இங்கே நாம் தடுமாறக்கூடாது. 1930இலேயே பெரியார் 'குடி அரசு' இதழில், மற்றவர்கள் நாட்டுப் பொருளாதாரத்துக்காகக் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாம் பெண் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று பிரித்துக் காட்டினார். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கருத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது, தோற்கடித்தார்கள். அரசு இலக்கு வைத்து அறுப்பது வேறு. பெண் தன் உடம்பைத் தானே முடிவு செய்வது வேறு.

பிறப்பு குறைந்ததும் அப்படித்தான். 1992-93இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.4 குழந்தை, 2019-21இல் 2.0. தலித் பெண்களுக்கும் 2.1தான். பள்ளிக்கே போகாத பெண்ணுக்கு 2.8, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 1.8. பள்ளிக்கூடம் செய்கிற வேலையைக் கத்தி செய்யாது.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். அதே ஆய்வில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மணமான பெண்கள் நூற்றுக்கு 38. ஆண் ஆபரேஷன் ஆயிரத்துக்கு மூன்று! ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்தும் குறைவு. 'கூலி வேலைக்குப் போற உடம்பு' என்கிறோம். அவள் நாற்று நடப் போகலையா? அரசைக் கேட்கிற கேள்வியை இயக்கத்து ஆண்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது காற்று திரும்புகிறது. பெற்றது போதும் என்றவர்களே, தொகுதி குறையும், நிறையப் பெறுங்கள் என்கிறார்கள். 2024இல் ஆந்திரம், இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற சட்டத்தையே எடுத்துவிட்டது. 2025 மார்ச்சில் தமிழக முதல்வரும் புதுமணத் தம்பதிகளிடம் உடனே பெற்றுக்கொள்ளச் சொன்னார். குறை என்றாலும் கூட்டு என்றாலும் கணக்குப் போடும் பலகை பெண்ணின் வயிறுதான்.

ஆகவே உங்கள் ஊரில் யாராவது 'ஜனத்தொகை' என்று ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நிலம் யார் கையில்? கழிவு யார் தலையில்? முடிவு யாருடையது? பதில் வரும்வரை விடாதீர்கள்.

ஜெய்பீம்.