வானலையிலிருந்து இணையத்திற்கு: தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பதிப்புரிமையும்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இணையவழி வழங்குவதில் எழும் பதிப்புரிமைச் சிக்கல்களை ஆராயும் இக்கருத்தரங்கு கல்யாணில் கூடியிருப்பது பொருத்தமானதே. இந்நகரம் மும்பை உயர்நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருப்பதோடு, இப்பொருளில் வழிகாட்டியாக நிற்கும் மூன்று தீர்ப்புகளும் அந்நீதிமன்றத்திலேயே பிறந்தவை. கல்யாண், தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் கேபிள் இணைப்பில் பார்த்துவந்த தொடர்களை இன்று கைப்பேசியிலும் பார்க்கின்றன. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நிகழ்ச்சி. சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறு பயன்பாடுகள். வானலைக்கெனப் பெற்ற உரிமை இணையத்திற்குத் தானாகவே நீளாது என்பதே இவ்வுரை வலியுறுத்தும் கருத்து.

முதல் தீர்ப்பு 1989-ஆம் ஆண்டின் கார்வேர் பிளாஸ்டிக்ஸ் – டெலிலிங்க் வழக்கில் வந்தது. வீடியோ கருவியில் ஓடவிட்ட திரைப்படத்தைக் கேபிள் வழியே சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்பியவர்கள் மீது தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், ஒவ்வொருவரும் தம் வீட்டுக்குள் தனித்தே பார்த்தாலும் அவர்கள் அனைவரும் சேர்ந்து 'பொதுமக்கள்' ஆவர் என்றும், உரிமையாளரின் இசைவின்றி அவ்வாறு அனுப்புவது உரிமை மீறல் என்றும் நீதிமன்றம் கூறியது. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிற்றலைவாங்கியை ஒதுக்கி, அதில் பிடித்த ஒளிபரப்பை இணையத்தில் அனுப்பிய ஏரியோ நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க உச்சநீதிமன்றம் 2014-இல் வந்தடைந்த முடிவும் இதனையே ஒத்திருந்தது.

இரண்டாவது, 1998-ஆம் ஆண்டின் வீடியோ மாஸ்டர் – நிஷி புரொடக்சன்ஸ் தீர்ப்பு. வீடியோ உரிமையை வாங்கியவருக்குச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு உரிமையும் சேருமா என்ற வினாவுக்கு, படைப்பைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் ஒவ்வொரு வழியும் பிரித்து விற்கத்தக்க தனி உரிமை என அது விடை தந்தது.

மூன்றாவது, டிப்ஸ் இண்டஸ்ட்ரீஸ் – விங்க் மியூசிக் வழக்கு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 31டி பிரிவு, வெளியான பாடலை ஒலிபரப்பவும் ஒளிபரப்பவும் சட்டமுறை உரிமம் வழங்குகிறது. அதாவது, உரிமையாளரின் இசைவுக்குக் காத்திராமல், முன்னறிவிப்பு தந்து, வகுக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்திப் பாடலைப் பயன்படுத்தலாம். இச்சலுகை இணையத்துக்கும் உண்டு என 2016-இல் மத்திய அரசுத் துறை வெளியிட்ட குறிப்பாணையை ஏற்க மறுத்த நீதிமன்றம், அது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே உரியது என 2019-இல் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அம்முடிவை உறுதிசெய்தது.

இதன் விளைவு எளிதன்று. பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் காட்டுகையில் பாடல்களுக்குச் சட்டமுறை உரிமத்தை நாட வழியுண்டு. அதே நிகழ்ச்சியைச் செயலியில் ஏற்ற வேண்டுமாயின் இசை நிறுவனங்களோடு தனியே பேசி உடன்பாடு கண்டாக வேண்டும். பழைய தொடர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒளிபரப்பு நிறுவனத்திற்குத் தன் ஒளிபரப்பின் மீதுள்ள தனி உரிமை, ஒளிபரப்பான ஆண்டின் மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள் நிற்கும். நிகழ்ச்சியைத் திரைப்படமாகக் கொள்ளும் பதிப்புரிமையோ 60 ஆண்டுகள் நீடிக்கும். 1999-இல் தொடங்கிய 'சித்தி' தொடரில் அவ்வாண்டு ஒளிபரப்பான பகுதிகளைப் பொறுத்தவரை, முதல் ஒளிபரப்பின் மீதான உரிமை 2024-உடன் முடிந்திருக்க, தொடரின் மீதான உரிமை 2059 முடிய நிற்கும் என்பது இக்கணக்கால் விளங்கும். ஆகவே, அந்நாளைய ஒப்பந்தத்தில் இணைய உரிமை யாருக்கு எழுதித் தரப்பட்டது என்பதே தீர்வுக்குரிய வினாவாகிறது.

ஒப்பந்தம் எழுதும் காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அதனைப் பெயர் குறித்துச் சொல்லாதவரை, உரிமை மாற்றம் செல்லாது என 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. திரைப்படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும், திரையரங்கு அல்லாத பிற பயன்பாடுகளில் கிடைக்கும் உரிமத்தொகையில் படைப்பாளிக்குள்ள சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்றும் அது விதித்தது. இவ்விதிகள் ஏட்டளவில் நில்லாமல், கதை வசனம் எழுதுவோர்க்கும் இசையமைப்போர்க்கும் இணைய வருவாயில் பங்காகக் கைக்கு வந்து சேர வேண்டும்.

திருட்டுத்தனமாக நிகழ்ச்சிகளைத் தரும் தளங்களைப் பொறுத்தவரை, பெயர் மாற்றி முளைப்பவற்றையும் முடக்க வகைசெய்யும் விரிதடையாணையை 2019-இல் டெல்லி உயர்நீதிமன்றம் வழங்கியது பயனுள்ளதே. ஆயினும், நேர்வழியில் கிடைக்காத நிகழ்ச்சிக்கே திருட்டுவழி பெருகும் என்பதால், உரிமைகளை ஒழுங்குபடுத்தி நிகழ்ச்சிகளை நேர்வழியில் கிடைக்கச் செய்வதே நிலையான மருந்தாகும்.

சட்டமுறை உரிமத்தை இணையத்துக்கும் விரிப்பது தளங்களின் செலவைக் குறைக்கலாம். படைப்பாளியின் பேரம்பேசும் வலிமையையும் அது உடன்குறைக்கும். எனவே அதற்கு அவசரப்படாமல், தமிழ்த் தொடர்களின் பழைய ஒப்பந்தங்களைத் திரட்டி ஆராய்வதையும், எழுத்தாளரும் கலைஞரும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுப்பதையும் இக்கருத்தரங்கு தன் முதற்பணியாக ஏற்க வேண்டும் எனத் தலைமை கேட்டுக்கொள்கிறது.