சோறு போடும் ஊரின் கதை

(புனே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சரித்திர நாவல் என்றதும் நம்மில் பலருக்கு வந்தியத்தேவனின் குதிரைதான் நினைவுக்கு வரும். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை நானும் நாலைந்து தடவை படித்தவன்தான். ஆனால் இன்று ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முப்பது வருஷமாகச் சங்கடஹர சதுர்த்திதோறும், இங்கே பக்கத்தில் தேஊர் சிந்தாமணி விநாயகரைத் தரிசித்து வருகிறேன். ஒருநாள் கூட வந்த மராத்தி நண்பர், "மாதவராவ் பேஷ்வா காலமானது இந்த ஊரில்தான், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. சோழ வம்சத்தை வரிசையாக ஒப்பிப்பேன். சோறு போடும் ஊரின் கதை தெரியாது. வெட்கமாகிவிட்டது.

அவர் கொடுத்த புத்தகம் ரணஜித் தேசாயின் 'ஸ்வாமி' (1962). பானிபட் தோல்விக்குப் பின், 1761-ல் பதினாறு வயதில் பதவிக்கு வந்த மாதவராவ், சித்தப்பா ரகுநாதராவோடும், ஹைதர் அலியோடும், க்ஷயரோகத்தோடும் போராடி 1772-ல் இருபத்தேழு வயதில் மறைந்த கதை. மனைவி ரமாபாய் உடன்கட்டை ஏறினாள் என்பது சரித்திரம். படிக்கையில் மனசு பதறுகிறது. பேஷ்வா ஜபதபங்களிலேயே பொழுதைக் கழித்தபோது, அதுதான் பிரதானம் என்றால் பதவியை விட்டுவிட வேண்டும் என்று நீதிபதி ராமசாஸ்திரி கண்டித்ததாக இங்கே ஒரு செய்தி வழங்குகிறது. நாமும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பெங்களூர் அங்கத்தினர்களுக்கு மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் 'சிக்கவீர ராஜேந்திர'. வீட்டில் தமிழ், எழுத்தில் கன்னடம் என்று வாழ்ந்தவர் மாஸ்தி. 1834-ல் குடகை ஆங்கிலேயரிடம் இழந்த கடைசி அரசனின் வீழ்ச்சியைச் சொல்லும் இந்நாவல், 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்றுத் தந்தது. கல்கத்தாக்காரர்கள் சுனில் கங்கோபாத்யாயின் 'சேய் சமய்' நாவலைத் தேடலாம்.

கடல் கடந்து போவதானால் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்'. டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்திருக்கிறார். 1812-ல் நெப்போலியன் ரஷ்யாமேல் படையெடுத்தபோது டால்ஸ்டாய் பிறக்கவே இல்லை. தகப்பனார் தலைமுறையின் யுத்தத்தைத்தான் எழுதினார்.

ஒரு எச்சரிக்கை. நாவல் வேறு, சரித்திரம் வேறு. நந்தினி கல்கியின் கற்பனைதான். நாவலை முடித்ததும் ஒரு சரித்திரப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள்.

எனக்கு மராத்தி எழுத்துக்கூட்டித்தான் வரும். பள்ளியில் மராத்தி படிக்கும் பேத்திதான் 'ஸ்வாமி'யை வாசித்துக் காட்டினாள். பதிலுக்கு இப்போது அவளுக்குப் 'பொன்னியின் செல்வன்' வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் இந்தப் பண்டமாற்றைச் செய்து பாருங்கள்.